டோன் ஆர்ம்களை (ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கை) காதால் மட்டும் ஒப்பிட முடியுமா?

முடியும், ஆனால் பெரும்பாலும் நம் காதில் விழுவது ஆர்மின் வித்தியாசம் அல்ல, செட்டிங்கின் வித்தியாசம். லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் 9 அங்குல ஆர்மையும் 12 அங்குல ஆர்மையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். நீளமானதில்தான் குரல் தெளிவு என்று எல்லோரும் தலையாட்டினோம், அப்புறம் சின்னத் தராசில் பார்த்தால் ஒன்றில் ஊசி அழுத்தம் 1.8 கிராம், இன்னொன்றில் 2.1. சரி, மறுபடி முதலிலிருந்து.

கார்ட்ரிட்ஜ் (ஆர்மின் நுனியில் ஊசி இருக்கும் பகுதி), அழுத்தம், சத்த அளவு மூன்றும் இரண்டு ஆர்மிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இசைத்தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டு, பாடகரின் 'ஸ' சீறுகிறதா என்று கவனியுங்கள். ஊசி தட்டின் பள்ளத்துக்கு நேராக நிற்காமல் விலகும் கோணப் பிழை அங்கேதான் காட்டிக்கொடுக்கும், 12 அங்குலத்தில் அது குறைவு. ஆனால் நீள ஆர்ம் பொதுவாகக் கனமும் கூட. ஊசித்தண்டு ரொம்ப இளக்கமான கார்ட்ரிட்ஜை அதில் பூட்டினால் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக அதிரும் ஒத்ததிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி, வளைந்த தட்டில் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) சும்மாவே முன்னும் பின்னும் ஆடும். புதுச்சேரி வெயிலில் வளையாத தட்டு எங்கே இருக்கிறது!