முள் விழுந்தால் மீட்டர் பலகையையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2001ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் உள்ளது. புறப்பட்டு கால் மணி நேரம் வரை ஸ்பீடோமீட்டர் சரியாக இயங்குகிறது. பிறகு முள் துள்ளித் துள்ளிப் பூஜ்யத்துக்கு விழுந்துவிடுகிறது. அப்போது கிலோமீட்டர் கணக்கும் ஏறுவதில்லை. சிக்னலில் வந்து நிற்கும்போது சில நேரம் இன்ஜினும் அணைந்துபோகிறது. மீட்டர் பலகை முழுவதையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், கென்ட், இங்கிலாந்து

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முள் மட்டும் படுத்துக்கொண்டு, கடந்த தூரம் தொடர்ந்து ஏறியிருந்தால் பலகையைச் சந்தேகிக்கலாம். உங்கள் காரில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கும் தடுமாறுகிறது. ஆகவே இவை எல்லாவற்றுக்கும் வேகத் தகவலைத் தரும் சென்சாரையும் அதன் வயரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பி0500 என்ற பிழை எண் பதிவாகியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸிலிருந்து மீட்டர் வரை கேபிள் சுழன்றது. உங்களுடைய இரண்டாம் தலைமுறைக் காரில் அந்தக் கேபிளுக்குப் பதிலாக, கியர்பாக்ஸின் பின்பகுதியில் ஒரே போல்ட்டில் பொருத்தப்பட்ட சென்சார் இருக்கிறது. அதன் முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் சுழலச் சுழல, உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) மின்துடிப்புகளை உண்டாக்குகிறது. சூடானதும் கோளாறு தலைகாட்டுவதால், அந்தக் காயிலில் மயிரிழை அளவு முறிவு இருக்கலாம் என்பது என் ஊகம். குளிர்ந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கியர்பாக்ஸ் சூடேறியதும் விலகிவிடும். பட்டறையில் காலையில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

காரின் அடியில் நுழையும் முன் அதை ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பின்களில் பச்சை பூக்க வைத்திருக்கலாம், அல்லது கியர் ஆயில் கசிந்து உள்ளே ஏறியிருக்கலாம். அப்படியானால் துடைத்துச் சுத்தம் செய்து, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த செலவைப் பற்றி யோசியுங்கள். கனெக்டர் சுத்தமாக இருந்தால், சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிட்டு அதை வெளியே எடுங்கள். துடைக்காமல் எடுத்தால் அந்த மண் முழுவதும் கியர்பாக்ஸுக்குள்தான் விழும்.

கழற்றிய சென்சாரின் இரு பின்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். பிறகு ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே மறுபடியும் பாருங்கள். சூடேறும்போது எண் திடீரென முடிவிலிக்குத் தாவினால் வேறு சாட்சி தேவையில்லை, சென்சாரை மாற்றிவிடலாம். தாவவில்லை என்றால், சென்சாரைக் கனெக்டரில் மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, அதன் தண்டை டிரில் மெஷினால் சுழற்றிப் பாருங்கள். ஜப்பானியக் கார்களில் வழக்கமான அளவின்படி இந்தத் தண்டு நிமிடத்துக்கு 637 முறை சுழன்றால் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 37 மைல் காட்ட வேண்டும். முள் அசையாமல் நின்றால் வயரையோ பலகையையோ சந்தேகிக்கலாம். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதையும் பரிசீலிக்கலாம்.

புதிய சென்சார் போடும்போது பழையதன் பல்சக்கரத்தில் தேய்மானம் உண்டா என்று பார்த்து, பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போட்டு, ஆயில் மட்டத்தையும் சரிபாருங்கள்.

கேள்வி: பெரிய டயர் போட்ட அதே மாடல் காரை வாங்கினேன். ஜிபிஎஸ் 70 மைல் காட்டும்போது ஸ்பீடோமீட்டர் 66தான் காட்டுகிறது. சென்சார் கோளாறா?
– வாசகர், லண்டன்

பதில்: எல்லா வேகத்திலும் வித்தியாசம் ஒரே விகிதத்தில் இருந்தால் சென்சார் மீது பழியில்லை, பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடுவது சென்சாருக்குத் தெரியாது. ஆனாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐநா ஒழுங்குமுறை 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். குறைத்துக் காட்டவே கூடாது. பழைய அளவு டயருக்குத் திரும்புங்கள், அல்லது சென்சாரில் ஒரு பல் குறைந்த சக்கரத்தைப் பொருத்துங்கள். சுமார் இருபது பற்கள் உள்ள சக்கரத்தில் ஒன்று குறைந்தால் முள் ஏறக்குறைய 5 சதவீதம் கூட்டிக் காட்டும். உங்கள் குறையில் பெரும்பகுதி அதிலேயே சரியாகிவிடும், ஆனால் முழுவதும் சரியாகாமல் போகலாம். மாற்றிய பிறகு ஜிபிஎஸ்ஸுடன் இன்னொரு முறை ஒப்பிட்டு, முள் இன்னும் குறைத்துக் காட்டினால் பழைய அளவு டயரையே போடுங்கள்.