எஞ்சினியரிங் போற மகனுக்கு எந்த கல்குலேட்டர் வாங்குறது?

அக்கா, உங்க மெசேஜ் பாத்தேன். மகன் ஏ.எல் (உயர்தரம்) மெத்ஸ் ரிசல்ட் எடுத்துட்டு கெம்பஸுக்கு வெயிட் பண்றாரு, ஹட்டன்ல கடையில இருக்கிறதுலயே விலை கூடினத காட்டி இதுதான் எஞ்சினியரிங்குக்கு சரின்னு சொல்லிட்டாங்க, சீட்டு காசு எடுத்தாவது வாங்கிறவான்னு கேட்டிருக்கீங்க. இப்ப வாங்காதீங்க. மகன் எந்த ஃபெகல்டின்னு முடிவாகட்டும், அவசரமே இல்ல.

ஏன்னா ஒவ்வொரு ஃபெகல்டிக்கும் ஒரு சட்டம் இருக்கு. பேராதனை, மொரட்டுவ, ருஹுண, ஜயவர்தனபுர, கிளிநொச்சியில இருக்கிற யாழ்ப்பாண ஃபெகல்டி, ஒலுவில்ல இருக்கிற தென்கிழக்கு, இதுல எங்க கிடைக்கும்னு இசட் ஸ்கோர் கட்-ஆஃப் (ஏ.எல் மார்க்ஸ வச்சு கெம்பஸுக்கு எடுக்கிற எல்லை) வந்தாத்தான் தெரியும். புரோகிராம் எழுதி சேவ் பண்ற மாதிரி கல்குலேட்டர எக்ஸாம் ஹோலுக்குள்ள விடமாட்டாங்க, அதோட சில இடத்துல ஃபெகல்டி ஓகே பண்ணி லேபல் ஒட்டினது மட்டும்தான் மேசையில வைக்கலாம். கடைக்காரருக்கு இந்த லிஸ்ட் தெரியாது. அதனால மகன் சேந்த உடனே ரெண்டாவது வருஷம் படிக்கிற அண்ணாமார் ஒருத்தர்கிட்ட என்ன மாடல் வச்சிருக்கீங்க, எக்ஸாமுக்கு விட்டாங்களான்னு கேக்கட்டும்.

பொதுவா சொல்றதுன்னா கெசியோ எஃப்எக்ஸ்-991 ஈஎஸ் பிளஸ் போதும். பின்னம், வர்க்கமூலம் எல்லாம் புத்தகத்துல இருக்கிற மாதிரியே ஸ்கிரீன்ல வரும், மூணுக்கு மூணு மெட்ரிக்ஸ், மூணு தெரியாக்கணியம் இருக்கிற சமன்பாடு, தொகையீடு (இன்டக்ரேஷன்), சிக்கலெண் (கொம்ப்ளெக்ஸ் நம்பர்) எல்லாம் செய்யும். யாராவது அக்கா அண்ணாகிட்ட பழைய 991 எம்எஸ் சும்மா கிடக்குன்னா அதையும் தாராளமா வாங்கிக்கலாம், வேலை கிட்டத்தட்ட அதேதான், ஸ்கிரீன்தான் பழைய மாதிரி. கடையில காட்டினது 991 ஈஎக்ஸா இருந்தா அது நாலுக்கு நாலு மெட்ரிக்ஸ் வரைக்கும் போகும், நல்ல மெஷின்தான், ஆனா அதுக்காக கடன் படுற அளவுக்கு முதல் வருஷத்துல ஒண்ணும் இல்ல. விலை குறைவுன்னு 82 எம்எஸ் மட்டும் வாங்கிடாதீங்க, அதுல சிக்கலெண்ணும் இல்ல மெட்ரிக்ஸும் இல்ல, மின்சுற்று பாடம் தொடங்கினதும் இன்னொண்ணு வாங்க வேண்டி வரும், ரெட்டைச் செலவு.

விலைய விட எனக்கு பெரிய கவலை வேற ஒண்ணு இருக்கு அக்கா. நம்ம பிள்ளைங்க ஏ.எல்ல ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்பைன்ட் மெத்ஸ் எதுக்குமே கல்குலேட்டர் தொடாம கையால கணக்கு போட்டு பழகி வந்தவங்க. அது நல்ல பழக்கம், ஆனா கெம்பஸ் போயி முதல் செமஸ்டர் எக்ஸாம்ல திடீர்னு கையில எடுத்தா எந்த பட்டன்னு தேடுறதுலயே நேரம் போயிரும். எத்தனையோ கெட்டிக்கார பிள்ளைங்களுக்கு இப்படி மார்க்ஸ் போனத பாத்து மனசு கஷ்டப்பட்டிருக்கு. தோட்டத்துல இருந்து எஞ்சினியரிங் வரைக்கும் ஏறி வந்த பிள்ளைக்கு பட்டன் தெரியாம மார்க்ஸ் போகக்கூடாது.

அதனால மகனுக்கு இத சொல்லுங்க. தம்பி, கையில கிடைச்ச உடனே சைன் 30 அடிச்சுப் பாருங்க. 0.5 வந்தா டிகிரியில இருக்கு, மைனஸ் 0.988 வந்தா ரேடியன்ல இருக்கு. எக்ஸாம் தொடங்க முன்னால ஒவ்வொரு தடவையும் இத செய்ங்க, முழு கணக்கும் சரியா போட்டு இந்த ஒண்ணால விடை பிழைக்கிறவங்க நிறைய பேர். அடுத்து சிக்கலெண் மோட் போட்டு 3+4i அடிங்க, அந்த i எழுத்து ஈஎன்ஜி பட்டன்ல வரும், அத துருவ வடிவத்துக்கு மாத்தினா 5, கோணம் 53.13 டிகிரி வரணும். கையால செஞ்சு பாத்து ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க, ஏசி சுற்று கணக்கு முழுக்க இதுலதான் ஓடும். சாதாரண மோட்ல அதே ஈஎன்ஜி பட்டன் 0.000047 மாதிரி எண்ண 47 பெருக்கல் பத்தின் மைனஸ் ஆறுன்னு மாத்தி குடுக்கும், மைக்ரோ மில்லி குழப்பம் வராது. இடையில வர்ற விடைய பேப்பர்ல ரெண்டு தசமத்துக்கு வெட்டி எழுதிட்டு திரும்ப அடிக்காதீங்க, ஏ, பி மெமரியில போட்டு வச்சு அதையே எடுங்க, இல்லன்னா கடைசி விடை கொஞ்சம் தள்ளிப் போயிரும்.

வாங்குறப்ப பில்லும் வொரண்டியும் கேளுங்க அக்கா, போலியும் நிறைய ஓடுது. பழசு வாங்குறதா இருந்தா சோலார் தட்ட கையால மூடிப் பாருங்க, எழுத்து மங்காம இருந்தா உள்ள இருக்கிற பெட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம். மங்கினா அதுக்காக வேணாம்னு விட வேண்டாம், சின்ன பட்டன் பெட்டரி ஒண்ணுதான், எல்ஆர்44ன்னு கேட்டா வாட்ச் கடையில இருக்கும்.

சீட்டு காசு அப்படியே இருக்கட்டும், ஹொஸ்டல் செலவு, பஸ் செலவு, முதல் மகாபொல ஸ்கொலர்ஷிப் காசு கைக்கு வர்ற வரைக்கும் அது நிச்சயம் தேவைப்படும். கட்-ஆஃப் வந்ததும் எந்த ஃபெகல்டின்னு எனக்கு போடுங்க, அங்க படிக்கிற நம்ம பக்கத்து பிள்ளை யாராவது இருந்தா மகன பேச வைக்கிறேன்.