கண்டென்சர் அழுத்தம் ஏறினால் டர்பைனைத் திறக்க வேண்டுமா?

வணக்கம் நண்பரே. டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் அழுத்தம் 0.08 பாரிலிருந்து 0.11 ஆகி, அதே நீராவிக்கு உற்பத்தி குறைகிறது, டர்பைனைக் கழற்றித் திறந்து பார்க்கலாமா என்று மலேசியாவின் பிறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் கடல்நீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உள்ள வெப்பநிலையைப் பாருங்கள். வித்தியாசம் கூடியிருந்தால் நீர்வரத்து குறைவு. சிப்பியோ குப்பையோ அடைத்திருக்கும். மாறவில்லையா? ஹாட்வெல்லுக்கு, அதாவது கண்டென்சரின் அடியில் நீரான நீராவி சேரும் தொட்டிக்குப் போங்கள். 0.11 பாரில் நீராவி ஏறத்தாழ 48 டிகிரியில் நீராகும். ஹாட்வெல் அதைவிட நாலைந்து டிகிரி கீழே நின்றால் காற்றுக் கசிவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கிளாண்ட் சீல் (டர்பைன் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு), வால்வு, ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) எல்லாவற்றையும் ஹீலியம் வைத்துச் சோதியுங்கள். இரண்டும் இல்லையென்றால் குழாய்களுக்குள் படிந்த அழுக்கு.

ஒன்று, குளிர்நாட்டுக் கையேட்டின் 0.04 பாரை இங்கே தேடாதீர்கள். அதற்கு நீராவி 29 டிகிரியில் நீராக வேண்டும். நம் கடலே கிட்டத்தட்ட அந்தச் சூடு.