தடுப்பூசி ஃபிரிட்ஜ் அதிகபட்சம் 14 டிகிரி காட்டுகிறது, அடுத்த வாரம் சிக்யூசி (CQC, இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்புச் சேவைகளைச் சோதிக்கும் அமைப்பு) ஆய்வு

ஃபிரிட்ஜில் இருக்கும் தடுப்பூசிகளைக் கொட்டாதீர்கள். அதேபோல, பதில் தெரியும்வரை யாருக்கும் அந்த ஊசியைப் போடவும் வேண்டாம். இப்போது 5 டிகிரி, அதிகபட்சம் மட்டும் 14 என்கிறீர்கள். குப்பிகளைக் குளிரிலேயே தனித் தட்டில் வைத்து, 'பயன்படுத்தக் கூடாது' என்று சீட்டு ஒட்டுங்கள். அப்புறம் உங்கள் பகுதித் தடுப்பூசிக் குழுவுக்கு உடனே போன் செய்யுங்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: தினமும் அளவைக் குறித்தபின் வெப்பமானியில் பழைய அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை அழிக்கும் ரீசெட் பொத்தானை யாரோ அழுத்தவில்லை. மருந்து வந்திறங்கிய நாளில் கதவு திறந்திருந்தபோது பதிவான 14 அப்படியே நின்றிருக்கும்.

1. பதிவேட்டைப் புரட்டுங்கள். 14.2 என்று ஒரே எண் நாலைந்து நாள் வரிசையாக இருந்தால், பெரும்பாலும் ரீசெட் ஆகவில்லை.

2. உள்ளே டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் கருவி) இருந்தால் அதன் வரைபடத்தை எடுங்கள். மேல் வரம்பான 8 டிகிரியைத் தாண்டி எவ்வளவு நேரம் இருந்தது என்பதைத்தான் குழு முதலில் கேட்கும்.

3. ரீசெட் செய்து அரை மணி கழித்துப் பாருங்கள். மறுபடி ஏறினால் ஃபிரிட்ஜிலோ வெப்பமானியிலோ கோளாறு இருக்கலாம்.

ஆனால் பதிவான குறைந்தபட்ச அளவு 0க்குக் கீழே போயிருந்தால் கதை வேறு. உறைந்தால் பல தடுப்பூசிகள் வீரியம் இழக்கும். அதையும் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவேட்டில் பழைய எண்களைத் தயவுசெய்து திருத்தாதீர்கள். எப்போது கவனித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஆய்வாளருக்குக் காட்ட வேண்டியது அதுதான். ஃபிரிட்ஜ் பிளக்கில் 'அணைக்காதீர்' சீட்டு இருக்கிறதா என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.