சைக்கிளைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: மகளுக்கு 13 வயது. போன தை மாதம் சடங்கு வைத்தோம். வயசுக்கு வந்த பிள்ளை என்று கபடி, சைக்கிள் எல்லாம் நிறுத்திவிட்டேன். ஒரு மாதமாக எரிந்து எரிந்து விழுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி முழித்துக் கிடக்கிறாள். என் அம்மாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் முடங்கிக் கிடந்தாள். சுடலைமாடன் கோயிலில் திருநீறு போட்டோம். இது பரம்பரையாக வருமா? அவள் அப்பா மும்பையில். நான் பீடி சுற்றுகிறேன். எனக்கே அழுகையாக வருகிறது.
- முக்கூடல் பக்கத்து வாசகி

பதில்: சகோதரி, திருநீறு பூசியதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடக் கோபமாக வருவதுண்டு. நாமும் அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டுவோம். இரண்டு வாரம் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். வந்தே தீரும் என்றில்லை. பூப்புக்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு இது பையன்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. உடம்பு மாறுவது ஒரு காரணம். அதே நேரத்தில் நாம் செய்வது இன்னொன்று. விளையாட்டு, தோழிகள், தெருவில் ஒரு சுற்று, இவையெல்லாம் மனதுக்கு வேலி. சடங்கு முடிந்த கையோடு அந்த வேலியைப் பிடுங்கிவிட்டோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, நம்மூரில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. சைக்கிள் சாவியை இன்றைக்கே கொடுங்கள். கபடிக்கும் அனுப்புங்கள்.

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள், வாய் திறக்க மாட்டாள். நீங்கள் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது பக்கத்தில் வந்து உட்காரட்டும். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, போனில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். ராத்திரி போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

"செத்துப் போகலாம்னு தோணுதா?" என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயல் மருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

கடைசி வரியில் உங்கள் அழுகையைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாயின் சோர்வைக் கவனித்தால் பிள்ளையும் தேறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

14416, இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது ஆச்சியையும், அதாவது உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்த நாளில் அவருக்கு எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்பார். அதை அவர்தான் சொல்ல முடியும்.