சிறிய மீன்தொட்டிக்கு ஏற்ற முதன்மை மீன் எது?

கேள்வி: என்னிடம் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் கொண்ட மீன்தொட்டி இருக்கிறது. ஃபில்டர், ஹீட்டர், செடிகள் எல்லாம் வைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. எட்டு நியான் டெட்ராக்களும் ஆறு கோரிடோரஸ்களும் நலமாக உள்ளன. பார்த்தவுடன் கண்ணில் படும்படி சற்றுப் பெரிய மீன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏஞ்சல், ஃபைட்டர், ராம் சிக்லிட், குள்ளக் கௌராமி ஆகிய நான்கில் எது பொருந்தும்?

பதில்: இந்த நான்கையும் விட்டுவிட்டு ஹனி கௌராமியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை. நாளை வேறொரு மீன் உங்கள் மனத்தைக் கவர்ந்தாலும் நீங்களே முடிவெடுக்க வேண்டும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தொட்டியின் அளவுகளைப் பெருக்கினால் 63 லிட்டர் வருகிறது. ஆனால் மணல், கற்கள், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் 50 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். அதில் ஏற்கெனவே பதினான்கு மீன்கள் வாழ்கின்றன. நியான்கள் நடுநீரிலும் கோரிடோரஸ்கள் அடித்தளத்திலும் திரிவதால், தொட்டியில் ஆளில்லாமல் கிடப்பது மேல்மட்டம் மட்டுமே. ஆகவே புதிதாக வரும் மீன் மேல்மட்டத்தை விரும்புவதாகவும், நியானை விழுங்க முடியாத அளவு சிறிய வாய் கொண்டதாகவும், இருக்கின்ற மீன்களின் வெப்பநிலையிலேயே வாழக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நியான் டெட்ராவுக்கு 21 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது. பரவலாகக் கிடைக்கும் கோரிடோரஸ் வகைகளும் ஏறத்தாழ அதே வரம்பைத்தான் விரும்புகின்றன. ராம் சிக்லிட்டோ 27 முதல் 30 டிகிரி வரை சூடான நீரில்தான் நிறம் பொலிந்து, நோயின்றி வாழும். இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 26 அல்லது 27 டிகிரியில் ஹீட்டரை நிறுத்துவோர் உண்டு. அதனால் யாருக்கும் முழு நன்மை கிடைப்பதில்லை. ராம் எளிதில் நோய்வாய்ப்படுகிறது. நீர் சூடேறும்போது அதில் கரையும் பிராணவாயு குறைவதால் மற்ற மீன்கள் வேகவேகமாகச் செவுளை அசைக்கத் தொடங்குகின்றன. ராம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், சூட்டைத் தாங்கும் கார்டினல் டெட்ராவையும் ஸ்டெர்பை கோரிடோரஸையும் துணையாகக் கொண்டு வேறொரு தொட்டியைத் திட்டமிடுங்கள்.

ஏஞ்சல் மீனைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நாணயம் அளவில் விற்கப்படும் அந்தக் குஞ்சு வளர்ந்ததும் உடலே 15 செ.மீ. நீளத்தை எட்டும், மேல், கீழ்த் துடுப்புகளோடு சேர்த்து அளந்தால் உயரம் 20 செ.மீ.க்கும் மேல் போகும். மேலும், மெலிந்த உடல் கொண்ட நியான், வளர்ந்த ஏஞ்சலுக்கு இயல்பான இரையாகும். சிறு வயது முதலே சேர்த்து வளர்த்தால் தின்னாது என்று சொல்வார்கள். அந்த நம்பிக்கை ஏஞ்சலின் வாய் வளரும் வரைதான் செல்லும்.

குள்ளக் கௌராமி அளவிலும் அழகிலும் உங்கள் தொட்டிக்குப் பொருந்தக்கூடியதுதான். ஆனால் பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கப்படும் இந்த மீன்களிடையே இரிடோவைரஸ் என்னும் கிருமி பரவியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. வாங்கும்போது பளபளவென்று இருக்கும் மீன்கூடக் கிருமியைச் சுமந்திருக்கலாம். பிறகு நிறம் மங்கி, இரை எடுக்க மறுத்து, வயிறு வீங்கி அல்லது உடலில் புண் கண்டு இறந்துபோகும். எல்லா மீனுக்கும் இப்படி நேர்வதில்லை என்றாலும், வேறு நல்ல தேர்வு இருக்கும்போது இந்த இடரை ஏற்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஃபைட்டரை அடியோடு மறுக்கமாட்டேன். ஆண் ஃபைட்டர் ஒன்று நியான்களோடு அமைதியாக வாழ்ந்துவிடுவது உண்டு. ஆனால் அது அந்தத் தனி மீனின் குணத்தைப் பொறுத்தது, அக்குணத்தை வாங்குமுன் அறிய வழியில்லை. சில நேரங்களில் நியான்களே அதன் நீண்ட வாலைக் கடித்துக் கிழிப்பதும் நடக்கும். ஒத்துவராவிட்டால் மாற்றிவிட இன்னொரு சிறு தொட்டி தயாராக இருந்தால் மட்டும் முயலுங்கள். ஃபைட்டரையும் கௌராமியையும் ஒன்றாக விடாதீர்கள். நெருங்கிய இனங்களான அவை ஒன்றையொன்று போட்டியாகவே பார்க்கும்.

இனி ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களில் செடிகள் அடர்ந்த, மெதுவாக ஓடும் நீரில் வாழும் இந்த மீன் பொதுவாக 5 செ.மீ. அளவே வளரும். 22 முதல் 28 டிகிரி வரை தாங்குவதால், உங்கள் ஹீட்டரை 24 அல்லது 25 டிகிரியில் வைத்தால் மூன்று இனங்களுக்கும் பொருந்தும். நன்கு பழகிய ஆண் தேன் நிறத்தில் மின்னும். இனப்பெருக்கக் காலத்தில் முகத்திலிருந்து வயிறு வரை கருநீலம் படரும். ஆனால் எனக்கு நிறத்தைவிட அதன் நடத்தைதான் பிடிக்கும். வயிற்றுப் பக்கம் நூல் போல நீண்டிருக்கும் இரண்டு துடுப்புகளை முன்னே நீட்டி, இலையை, கண்ணாடியை, சில சமயம் பக்கத்தில் வரும் நியானைக்கூடத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அது நகர்வதை ரசிப்பதற்காகவே தொட்டியின் முன் உட்காரலாம்.

எத்தனை வாங்குவது என்றால், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும். தனியாக ஒன்று வளர்த்தாலும் தவறில்லை. இந்த அளவுத் தொட்டியில் இரண்டு ஆண்கள் வேண்டாம். பெண் மீன் சற்று வெளிறி, பக்கவாட்டில் பழுப்புக் கோட்டுடன் இருக்கும். கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: இதைவிடப் பெரிதாக, 9 செ.மீ. வரை வளரும் தடித்த உதட்டுக் கௌராமியும் சில இடங்களில் ஹனி கௌராமி என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. சிறு வயதிலேயே உடல் பருத்தும் உதடு தடித்தும் தெரிந்தால் அதை எடுக்காதீர்கள். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, வயிறு ஒட்டியது, வெள்ளை நூல் போலக் கழிவு தொங்குவது ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். உங்கள் கண்முன்னே இரை போடச் சொல்லி, ஓடிவந்து தின்னும் மீனைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

வாங்கியவற்றை முடிந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். கௌராமிகள் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் நேரடியாகச் சுவாசிப்பவை என்பதால், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஃபில்டரின் நீர் வேகமாகப் பாய்ந்தால் அதன் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். சல்வீனியா போன்ற மிதக்கும் செடியை நீர்ப்பரப்பின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் படரவிட்டால், கூச்ச சுபாவம் கொண்ட இந்த மீன் துணிந்து வெளியே வரும். தொட்டியில் விடும் நாளில் விளக்கை அணைத்துவிட்டு, பழைய மீன்களுக்கு முதலில் இரை கொடுத்துவிடுங்கள்.

புதிய மீன்கள் சேர்ந்த முதல் இரண்டு வாரம், மீன் கழிவால் நீரில் உருவாகும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அடிக்கடி சோதியுங்கள்; இரண்டும் பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும், ஏறினால் உடனே பாதி நீரை மாற்றுங்கள். வழக்கமான நாட்களில் வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

சில மாதங்கள் கழித்து ஆண் மீன் மிதக்கும் இலைகளுக்கு அடியில் நுரைக்கூடு கட்டி, அருகே வருபவற்றை விரட்டினால் பதற வேண்டாம். அந்த விரட்டல் ஓர் அடி தூரம்கூடச் செல்லாது. பெண் மீன் மட்டும் ஓயாமல் துரத்தப்பட்டு, துடுப்பு கிழிந்து, இரைக்கும் வெளியே வராமல் ஒளிந்திருந்தால், அதைச் சில நாள் தனியே வைத்து, மிதக்கும் செடிகளை அதிகமாக்கிய பிறகு மீண்டும் விடுங்கள்.