முதல் அமர்விலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 31. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. சமைக்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. நேரில் ஆலோசகரைப் பார்க்கப் போனால் ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள். போனில் வீடியோ வழியாகப் பேசலாம் என்கிறாள் தோழி. எங்கள் வீட்டில் இரண்டே அறை. மாமியார் எப்போதும் வீட்டில்தான் இருப்பார். முன்பின் தெரியாதவரிடம் என்ன பேசுவது? பதிவு செய்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பல்லடம்.

பதில்: காரணமில்லாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா போய்விட்டாரே அம்மா, அதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்? எட்டு மாதத்தில் துக்கம் ஆறியிருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் கிடையாது. ஆனால், தூக்கம் இப்படித் தொடர்ந்து கெடுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பேசத் தொடங்குவது நல்லது. ஆன்லைனில் தொடங்குவதிலும் தவறில்லை.

முதலில், யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு சில வாரப் பயிற்சியை முடித்துவிட்டு ஆலோசகர் என்று போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தயங்காமல் கேளுங்கள். மற்ற ஆலோசகர்களிடம் எங்கே, என்ன படித்தார்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் உங்கள் துயரத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

புதிதாக வருபவர்களுக்கு முதல் அமர்வுக்கு முன்பே தமிழில் ஓர் ஒப்புதல் படிவம் அனுப்புகிறேன். கட்டணம், நேரம், இரு தரப்பும் எதையும் பதிவு செய்யக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் விதிவிலக்கு. இதைப் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

படிவத்தில் ஒரு கேள்வியைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். பேசும்போது எந்த முகவரியில் இருப்பீர்கள், அவசரம் என்றால் நான் யாரை அழைக்கலாம், பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று கேட்டிருப்பேன். என் அறையில் ஒருவர் நிலைகுலைந்தால் நான் எழுந்து பக்கத்தில் போய் உட்கார முடியும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அது முடியாது. அதனால்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் அந்த எண்ணைத் தொட மாட்டேன்.

இனி, இடம். உங்களுக்கு இதுதான் பெரிய சிக்கல் என்று புரிகிறது. மொட்டை மாடி, தோழியின் வீடு, நிறுத்தியிருக்கும் கார் என எதுவானாலும் சரி. இயர்போன் போட்டுக்கொண்டால் நான் கேட்பது யார் காதிலும் விழாது. அப்போது 'ஆம்', 'இல்லை', 'கொஞ்சம்' என்ற மூன்று சொற்களை வைத்தே அரை மணி நேரம் பேசலாம். அப்படி நிறையப் பேருடன் பேசியிருக்கிறேன். யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை முன்பே முடிவு செய்துகொள்வோம். 'ரவிக்கை அளவை நாளைக்கு அனுப்புகிறேன்' என்று நீங்கள் சொன்னால் நான் அந்த நொடியே நிறுத்திவிடுவேன். முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் முதல் ஐந்து நிமிடம் மட்டும் வீடியோ போதும். பிறகு குரல் வழியே தொடரலாம். சிக்னல் போய்விட்டால் நானே சாதாரண அழைப்பில் கூப்பிடுவேன். பாதி அழுகையில் இணைப்பு அறுந்து, நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

கணவரிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அவர் பரிவுள்ளவர் என்றால், பேசப் போகும் செய்தியை மட்டும் சொல்லுங்கள். என்ன பேசினீர்கள் என்ற கணக்கை யாருக்கும் ஒப்புவிக்க வேண்டியதில்லை.

முதல் அமர்வு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். அப்பாவைப் பற்றி உடனே பேசச் சொல்ல மாட்டேன். தூக்கம், பசி, மாதவிலக்கு, சாப்பிடும் மாத்திரைகள் பற்றிக் கேட்பேன். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேரடியாகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கும் யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வருகிறது. நீங்கள் மௌனமாக இருந்தால் காத்திருப்பேன். கடைசியில், என்னோடு தொடரப் பிடிக்கிறதா என்று கேட்பேன். 'இல்லை' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேறொருவரைத் தேட நானே உதவுவேன். தலைப்பில் இருக்கும் கேள்விக்கும் இதுவே பதில்: என்னை நம்பலாமா என்று நீங்கள் பார்த்துக்கொள்வதற்கான நேரம் அது. மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.

கேள்வி: டெல்லியில் படிக்கும் என் மகன் (வயது 20) ஆன்லைனில் ஆலோசகரிடம் பேசுகிறான். கட்டணம் நான்தான் கட்டுகிறேன். என்ன பேசினான் என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மறுக்கிறார். இது நியாயமா?
- ஒரு தந்தை, நாகர்கோவில்.

பதில்: நியாயம்தான் ஐயா. 18 வயது நிரம்பியவரின் மனநலத் தகவல் அவருக்கே சொந்தம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்த இரகசியத்தை உரிமையாகவே தருகிறது. நீங்கள் மகனிடம் கவனித்ததை ஆலோசகருக்கு எழுதி அனுப்பலாம். அதை மகனிடம் மறைக்காமல் செய்யுங்கள். கட்டணம் கட்டிவிட்டுக் கேள்வி கேட்காமல் இருக்கும் அப்பாக்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: ஆன்லைன் ஆலோசனை யாருக்கு ஒத்துவராது? மாத்திரை தருவார்களா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்.

பதில்: மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, ஆலோசகரோ உளவியலாளரோ எழுதக் கூடாது. காதில் குரல் கேட்பவர்கள், போதையிலிருந்து மீள்பவர்கள், தற்கொலைக்குத் திட்டமே வைத்திருப்பவர்கள் நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணவர் போனைக் கண்காணிக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் திரை பாதுகாப்பானது அல்ல. அவசரம் என்றால் அமர்வுக்குக் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.